மூன்றாவது குழாய்

நெல்டா ஓயார்சூனுக்கு
முப்பது வருடப் பதக்கம்.
பாராட்டுரையை நான் எழுத வேண்டுமாம்,
தீயணைப்புப் படையின் செயலாளர் என்பதால்,
என் கையெழுத்து புரியும் என்பதாலும்.
ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது.
மேயர் நின்றபடி வாசிப்பார்;
அவருக்கு முழங்கால் வலி.

எழுதத் தொடங்கினேன்:
பிறந்தது இதே சான் லியாந்த்ரோவில்,
சிலியின் தெற்கே, மழை விடாத கரையில்.
படகுத்துறையிலிருந்து ஏறும் தெருவில் இரும்புக்கடை.
ஆணி, கீல், துத்தநாகத் தகடு, மண்ணெண்ணெய்,
விறகடுப்பு.
கடன் கொடுப்பார். திருப்பியும் கேட்பார்,
மாதாகோவில் வாசலில் வைத்தே கேட்பார்.
(இதை அடித்துவிட்டேன்.)

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் நம்புவதில்லை:
இந்த நாட்டில் தீயணைக்கிறவனுக்குச் சம்பளம் கிடையாது.
மாதச் சந்தா நாங்கள்தான் கட்டுகிறோம்,
நடுராத்திரி எழுந்து ஓடும் உரிமைக்கு.
முப்பது வருடமும் நெல்டாதான் பொருளாளர்.
நான் மூன்று மாதம் பாக்கி வைத்தபோது
என் தலைக்கவசத்தைக் கடைச் சன்னலில்
விலைச்சீட்டு ஒட்டி வைத்தார்.
யாரோ விலை விசாரித்ததும் ஓடிப்போய்க் கட்டினேன்.

சங்கு ஊதினால் கடையைப் பூட்டமாட்டார்.
கல்லாவின் மேல் சுத்தியலை வைத்துவிட்டு ஓடுவார்.
எடுத்ததை எழுதி வையுங்கள் என்று அதற்கு அர்த்தம்.
திரும்பி வரும்போது சீட்டு இருக்கும்.
சில நாள் சுத்தியலும் இருக்காது.

பதினாறாம் வருடம், ஜூலை.
எலியோதோரோ மான்சியா அடுப்பு வாங்கினான்.
புகை கூரையைத் தாண்ட மூன்று குழாய் வேண்டும்.
காசு இரண்டுக்குத்தான் இருந்தது.
சிப்பி விற்ற பணம் வந்ததும்
மூன்றாவதை வாங்கிக்கொள்கிறேன் என்றான்.
நெல்டா விற்றார்.
ரசீதில் எழுதினார்: குழாய், இரண்டு.

பதினொன்றாம் இரவு சங்கு.
மரச்சில்லு வேய்ந்த கூரை;
நாங்கள் போவதற்குள் கூரை என்று ஒன்று இல்லை.
யாரும் சாகவில்லை. அதை எழுதிவிட வேண்டும்.
அவன் மனைவி தையல் இயந்திரத்தைக் கட்டிக்கொண்டு
மழையில் உட்கார்ந்திருந்தாள்.
விடிந்தபோது
சாம்பல் நடுவே அடுப்பு மட்டும் நின்றது,
இரண்டு குழாயோடு,
நேராக, ஒரு கீறலும் இல்லாமல்.
நெல்டா ஏணியைக் கொண்டுவரச் சொன்னார்.
குழாய் முடிந்த இடத்திலிருந்து
கூரை இருந்த இடம் வரை
வெறும் காற்றைச் சாண் போட்டு அளந்தார்.
நான்கு சாண்.

யாரும் எதுவும் சொல்லவில்லை.
எலியோதோரோவும்.
அடுத்த வாரம் ஆணி வாங்க வந்தான்;
அவன் முகத்தைப் பார்க்காமல் எடை போட்டார்.

அதற்குப் பிறகு அந்தக் கடையில்
இரண்டு குழாய் கிடைக்காது.
மூன்று எடு, இல்லையென்றால்
அடுப்பையே வைத்துவிட்டுப் போ.
மூன்றாவது ரசீதில் ஏறாது.
ஞாயிற்றுக்கிழமை ஏணியோடு வருவார்,
கூப்பிடாத வீட்டுக்கும்.
மேலே நின்று கீழே இருப்பவர்களைத் திட்டுவார்.
மாகாணத் தலைநகரில் பெரிய கடை வந்து
எல்லாம் பாதி விலை என்றானபோது
பாதி ஊர் அங்கே போய் வாங்கியது.
அந்தக் கூரைகளிலும் ஏறினார்.

இதுவரை எத்தனை குழாய் என்று கேட்டேன்,
பாராட்டுரைக்கு ஓர் எண் இருந்தால் நன்றாக இருக்கும்.
"கணக்கில் இல்லாததைக் கேட்காதே" என்றார்.
பொருளாளர் பேசுகிற பேச்சா இது.

நேற்று வரைவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
கண்ணாடியைத் தேடி, கிடைக்காமல்,
விற்பனைக்கு வைத்திருந்த பூதக்கண்ணாடியால் வாசித்தார்.
'முப்பது வருடம் தவறாமல் ஊருக்கு உழைத்த'
என்ற இடத்தில் நின்றார்.
காதில் செருகியிருந்த தச்சுப் பென்சிலை எடுத்து
ஒரு சொல்லை அடித்தார்.
தவறாமல்.
"இது வேண்டாம்."
பிறகு பதக்கம் பித்தளையா, பூச்சா
என்று விசாரித்தார்.

சரி.
மேயரின் முழங்காலுக்கும் நல்லது,
ஒரு சொல் குறைவு.